விற்க மாட்டேன் என்றவரிடம் வாங்கிய கார்

பேரம் பேசத் தெரிந்த கடைசி ஆண்மகன் தான்தான் என்று என் வீட்டுக்காரர் கலியபெருமாள் நம்பிக்கொண்டிருக்கிறார். கத்தரிக்காய்க்காரியிடம்கூட இதுவரை ஜெயித்ததில்லை. அது வேறு விஷயம்.

2003-இல் எதிர்வீட்டு ராஜவேல் கார் வாங்கினார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. முல்லா வீதி அன்வருதீன் பாயின் பழைய அம்பாசடர் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும்தான் இறங்கியது.

கையில் இருந்தது என் சீட்டுப் பணம், நாற்பதாயிரம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்து என் இடுப்பு போய்விட்டது. வீட்டிலேயே போர் போட்டு மோட்டார் வைக்கப் பதினைந்து என்று எடுத்து வைத்தேன். மீதி இருபத்தைந்து காருக்கு. அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் எனக்கு மோட்டார் கிடையாது.

"நீ வாயத் தொறக்கக் கூடாது சுலோ. நான் ஒவ்வொரு கொறையா சொல்லுவேன். பாய் மறுப்பாரு. நான் மடக்குவேன். விலை இருபத்தஞ்சத் தாண்டுனா நீ இருமு, போதும்."

கான்வென்டில் கணக்குக்கு மெடல் வாங்கியவள் நான். இருமுவதற்கு நியமிக்கப்பட்டேன்.

பாய் மறுக்கவே இல்லை. அங்கேதான் பிடித்தது சனியன்.

"கதவத் தூக்கித்தான் சாத்தணும் போல?"

"ஆமா சார். தூக்கலன்னா கையோட வந்துரும்."

"மீட்டர் நாப்பத்தோராயிரம்னு காட்டுது?"

"அதுல அஞ்சு எண்ணுதான சார். ரெண்டு தடவ லட்சத்தத் தொட்டுட்டு மறுபடி சைபர்லேருந்து வந்துருக்கு. ரெண்டு லட்சத்து நாப்பத்தோராயிரம். தினம் காலாப்பட்டு போய் வந்தே தேஞ்சிருச்சு."

இவர் திகைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மல்லுக்கு வந்தால், எதிராளி மல்லாந்து படுத்துக்கொண்டான்.

"அதனால இன்னா பாய்? ஓடுன வண்டிதான் ஓடும்!" என்றார். சொன்னது விற்பவர் இல்லை, வாங்க வந்தவர்.

"கோரிமேட்டு ஏத்தத்துல நின்னுரும் சார்."

"அங்க நமக்கு இன்னா வேல?"

"வாணாம் சார். இருபத்தஞ்சு குடுத்து வாங்கிட்டு நாளைக்கு என்னத் திட்டுவீங்க."

"இருபத்தஞ்சா? வண்டியக் கேவலப்படுத்தாதீங்க பாய். முப்பது!"

இருமினேன்.

பாயின் மனைவி கரீமா எட்டிப் பார்த்தாள். "அக்காவுக்கு இருமலா? இருங்க, சுக்குக் காப்பி போடுறேன்."

"பழகுனவங்களுக்கு இதக் குடுக்க எனக்கு மனசு வரல சார்," என்றார் பாய்.

"என்னால முடியாதுன்னு நெனச்சிட்டீங்களா? முப்பத்தஞ்சு!"

நெஞ்செலும்பு நொறுங்க இருமினேன். இவர் திரும்பக்கூட இல்லை. கரீமா ஓடிவந்து டம்ளரை என் வாயிலேயே வைத்துவிட்டாள், புண்ணியவதி.

"நாப்பது! இதுக்கு மேல ஒரு வார்த்த பேசக் கூடாது பாய்!"

வாய் நிறையக் கொதிக்கும் காப்பி. எங்கே இருமுவது?

பாய் ஒரு வார்த்தையும் பேசவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் கரீமாவை ஓரமாக இழுத்தேன். "நெசத்தச் சொல்லு. எவ்வளவுக்குக் குடுக்கறதா இருந்தீங்க?"

"இருபதுக்குக்கா. அண்ணன் இவ்வளவு நல்லவரா இருப்பாருன்னு நாங்க நெனைக்கவே இல்ல."

வழியெல்லாம் இவருக்குத் தலைகால் புரியவில்லை. "விக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்ன மனுஷன். விக்க வச்சேன் பாத்தியா!"

கழன்று போகாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் தெருக்குழாய் வரிசையில் நின்றேன். முதல் குடம் நிறைந்தபோது பார்த்தால், இவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார். வந்தவர் குடத்தை என் இடுப்பிலிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பதாயிரம் போனால் போகிறது, மனுஷன் திருந்திவிட்டாரே!

"இது ரேடியேட்டருக்கு," என்றார். "நமக்கு நீ வேற புடிச்சிக்கிட்டு வா."