அயன் பிடித்த கையெழுத்து

கல்யாண நாளில் மாப்பிள்ளை செய்யவேண்டிய ஒரே நல்ல காரியம் வாயைத் திறக்காமல் இருப்பது. நானோ இரசாயனவியல் டியூஷன் மாஸ்டர். வாய்தான் என் தொழில்.

பள்ளிவாசல்துறையில், பெண் வீட்டில் நிக்காஹ். காலையில் என் பேனையில் மை தீர்ந்துவிட, தங்கச்சியின் ஜெல் பேனையிலிருந்து ரீபிலை உருவிப் போட்டுக்கொண்டு போனேன். (கச்சிதமாகப் பொருந்தியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். என் வாழ்க்கையில் எதுவும் அப்படிப் பொருந்தியதில்லை.)

நிக்காஹ் ஓதி முடிந்தது. மீன் முதலாளியான என் மாமனார், நான், சாட்சிகள் எல்லோரும் என் பேனையாலேயே பதிவுப் புத்தகத்தில் கையெழுத்திட்டோம். பதிவாளர் புத்தகத்தை மூடப்போனார்.

"பொறுங்க சேர்! ஜெல் மை தண்ணியில செஞ்சது. பிசின் கலந்து தடிப்பாக்கியிருப்பாங்க. பேனை முனையில குண்டு உருளக்குள்ள இளகி ஓடும், தாள்ல விழுந்ததும் தடிச்சிரும். காயாம மூடினா அப்பிரும்" என்று சபைக்கே பாடம் எடுத்தேன். அத்தோடு விட்டேனா? உடுப்பு தேய்க்கும் அயனைச் சூடாக்கிக் கொண்டுவரச் சொல்லி, கையெழுத்துகளின் மேல் துணியைப் போட்டு நானே தேய்த்தேன்.

துணியை எடுத்தால், தாள் வெறுமையாக இருந்தது. ஒரு கையெழுத்தும் இல்லை.

மாமனாரின் முகம் சிவந்தது. "மறையிற மையோட வந்தவனுக்கா என்ட மகளக் குடுத்தன்? இனி நான் ஒப்பம் வைக்கமாட்டன்!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளைப் பார்த்த நாளிலிருந்து கனவு கண்டவன், என் கையாலேயே அவளைத் தேய்த்து அழித்துவிட்டேனே!

அப்போது உள்ளறையிலிருந்து மணப்பெண்ணின் குரல் கேட்டது.

"வாப்பா, அவர் ஏமாத்தல்ல. அது அழிச்சு எழுதுற பேனைட மை. சூடு பட்டா நிறம் போயிரும், நல்லாக் குளிர்ந்தா திரும்ப வரும். புத்தகத்த மீன் ப்ரீசருக்குள்ள வைங்க."

(இரசாயனவியல் மாஸ்டர் நான். அவள் படித்தது கணக்கியல்.)

பதிவுப் புத்தகம் ரெண்டு பைகளில் சுற்றப்பட்டு, பாரை மீன்களுக்கு நடுவே படுத்தது. பிரியாணி ஆற, சபை முழுவதும் ப்ரீசரைச் சுற்றி நின்றது. வெளியே எடுத்தபோது, மங்கலாக மாமனாரின் கையெழுத்து தெரிந்தது. பக்கத்திலேயே என்னுடையது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று எல்லோரும் கத்தினார்கள். மாமனார் என்னை இறுகக் கட்டிக்கொண்டார். பதிவாளர் தன் சொந்தப் பேனையைத் தந்து, எல்லோரையும் அதே கோடுகளின் மேல் அழுத்தி எழுதவைத்தார். என்னை வாயே திறக்கவிடவில்லை.

இன்றும் எங்களுக்குள் சண்டை வந்தால் என் மனைவி சத்தம் போடுவதில்லை. பேசாமல் போய் அயனைக் கரண்டில் மாட்டுகிறாள். அது சூடாகுமுன் நான் மன்னிப்புக் கேட்டுவிடுவேன்.