விஜயதசமியில் ஏறிய இயங்குதளம்

இயங்குதளத்தை மேம்படுத்தாத எந்தச் சமுதாயமும் நிலைத்ததாகச் சரித்திரம் இல்லை. யாழ்ப்பாண இராச்சியம் ஏன் பறங்கியரிடம் போனது என்று அறிஞர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கடல்கடந்து வந்து நாங்கள் நடத்தும் கோலியர்ஸ் வுட் தமிழ்க் கணினிக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர் வைத்தியநாதன் அவர்களுக்கு அந்தக் குழப்பம் கிடையாது. "பழைய வேர்ஷனோடை இருந்தவை. விழுந்திட்டினம்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். 'ஆயுட்காலத் தலைவர்' என்பது கழக யாப்பில், அதாவது விதிநூலில், உள்ள பதவியல்ல. தேர்தல் வைக்க அவருக்கு நேரம் கிடைக்காததால் தானாக விளைந்தது.

கழகத்தின் உதவிச் செயலாளன் என்ற முறையில் அவர் புகழைப் பாடும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. எங்கள் கழகத்துக்கு நிறைய உறுப்பினர்களும் ஒரேயொரு கணினியும் உண்டு. பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில், கருவாட்டு வாசனையின் நடுவே, சரிகைத் துணி போர்த்தி அதை வைத்திருக்கிறோம். உறுப்பினர்கள் முறைவைத்து வந்து அதில் 'ஆராய்ச்சி' செய்வார்கள். சீட்டு விளையாட்டில் நானே சில முக்கியமான முடிவுகளை எட்டியிருக்கிறேன்.

இவ்வளவு உன்னதமான கழகத்துக்கு ஒரேயொரு குறை இருந்தது. அதன் பெயர் சவிரிமுத்து. மன்னார்க்காரர், நிலக்கீழ் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுத்தவர். குத்துவிளக்கேற்றி, ஒரு நிமிட மௌன அஞ்சலி முடித்து, தலைவர் தொண்டையைச் செருமியதுதான் தாமதம், பின்வரிசையில் எழும்பி "தலைவரே, ஒழுங்குப் பிரச்சினை!" என்பார். தேர்தல் எப்ப, யாப்பு எங்கை, போன கூட்டத்தில் சொன்னது என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவரால் எங்கள் தீர்மானம் ஒன்றுகூட 'ஏகமனதாக' நிறைவேறியதில்லை. 'பெரும்பான்மையாக' என்று எழுதும்போதெல்லாம் தலைவரின் முகம் சுருங்கும்.

பிறகு சவிரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு முழுதாகப் போயிற்று. கை கால் போயிற்று. வலதுகைச் சுட்டுவிரல் மட்டும் அசைந்தது. புத்திக்கு ஒன்றுமில்லை, எல்லாம் விளங்கும். அடுத்த கூட்டத்திலிருந்து எங்கள் தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறத் தொடங்கின. கடவுள் செயல் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நாங்கள் நாகரிகமானவர்கள்.

அவருடைய மனைவி டொலறஸ் ஓர் அலுவலகத்தில் கணினி நிரல் எழுதும் வேலை பார்ப்பவர். பேச்சுக்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் கொடுத்த கருவிக்கு ஆங்கிலம் மட்டுந்தான் தெரியும். சவிரிமுத்து ஆங்கிலத்தில் டிக்கெட் கொடுப்பாரே தவிர, ஆங்கிலத்தில் சண்டை பிடிக்க மாட்டார். ஆகவே, வீட்டில் கணினி இல்லாத டொலறஸ் சனிக்கிழமைகளில் கழகத்துக்கு வந்து, எங்கள் ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக, ஒரு நிரல் எழுதினார். திரையில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய எழுத்து வரும்போது சவிரிமுத்து விரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் அது கீழே விழுந்து சொல்லாகும். பொத்தான், அவர்கள் வீட்டு வாசலில் கழற்றிய அழைப்புமணிப் பொத்தான்.

முதல் பரீட்சைக்கு நாங்கள் எல்லாரும் கூடினோம். சவிரிமுத்து விரலால் அமுக்கி அமுக்கி, "டொலறஸ் அழாதை" என்று எழுதினார். அதைப் பார்த்து டொலறஸ் அழுதார். நானும் கைக்குட்டையைத் தேடினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுசன் கண்ணைத் தலைவர் பக்கம் திருப்பி, வேர்த்து விறுவிறுத்து, இன்னொன்றும் எழுதினார்:

"தேர்தல் எப்ப"

அத்துடன் நிரல் உறைந்து நின்றுவிட்டது. "சின்னப் பிழைதான். ரெண்டு மூண்டு சனிக்கிழமையிலை திருத்திப்போடுவன்" என்றார் டொலறஸ்.

"நல்ல முயற்சி, நல்ல முயற்சி" என்று தலைவர் முகத்தைத் துடைத்தார்.

அடுத்த செயற்குழுவில்தான் 'முன்னேற்றம்' என்ற சொல் முதன்முதலாக உச்சரிக்கப்பட்டது. அமெரிக்காவிலிருந்து புதிய இயங்குதளம் வந்திருப்பதாகவும், அதை உடனே ஏற்றாவிட்டால் தமிழினம் பின்தங்கிவிடும் என்றும் தலைவர் கண்கலங்கினார். இரண்டு சம்பவங்களுக்கும் தொடர்பிருக்கிறது என்று நினைப்பவர்கள் அவரை அறியாதவர்கள்.

விஜயதசமியன்று பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவதுபோல இயங்குதளம் தொடக்குவது என்று முடிவாயிற்று. ஆர்ச்வே முருகன் கோயிலில் அர்ச்சனை செய்து கொண்டுவந்த திருநீறு கணினியின் நெற்றியில் பூசப்பட்டது. தாம்பாளத்தில் அரிசி பரப்பி, தலைவர் என் விரலைப் பிடித்து 'அ' எழுதுவித்தார். பின்னர் அதே விரலை மௌசின் மேல் வைத்தார். பழைய இயங்குதளத்தையும் வைத்திருக்கவா, அழிக்கவா என்று திரை பணிவாகக் கேட்டது.

"வைச்சிருப்பம் அண்ணை" என்றேன், பயத்தில்.

"விசர்க் கதை கதையாதையும். புதுவீட்டுக்குப் போகேக்கை பழைய விளக்குமாற்றைக் கொண்டுபோறதே? அழியும்!"

அழித்தேன். கற்பூரம் காட்டினோம். திரையில் நீலவானம் தோன்றியபோது ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மறு சனிக்கிழமை டொலறஸ் வந்தார். அவருடைய நிரலின் பிரதி பிளொப்பித் தட்டில் பத்திரமாக இருந்தது. போட்டார். எழுத்துகள் ஒளிர்ந்தன. பொத்தானை அமுக்கினால் ஒன்றும் விழவில்லை. பிறகு, அதே தட்டில் இருந்த கம்பைலர் என்கிற கருவியைத் திறக்கப் பார்த்தார். மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்கு விளங்கும் பாஷையில் ஆக்கித் தருவது அதுதான். "இதை இங்கே இயக்க முடியாது" என்று ஒரு வரி வந்தது. எங்கள் தலைவரின் பேச்சுகள் ஒன்றிலும் இவ்வளவு சுருக்கமும் தெளிவும் இருந்ததில்லை.

டொலறஸ் தலைவரிடம் போனார்.

"அண்ணை, என்ரை நிரல் அந்தப் பொத்தானை நேரை வாசிக்கிறது. புதுசு அதுக்கு விடுகுதில்லை. நிரலை மாத்தவேணும்."

"மாத்துமன் தங்கச்சி. ஆர் மறிச்சது?"

"மாத்தினால் கம்பைல் பண்ணவேணும். கம்பைலர் பழசு. புதுசிலை அது திறக்குதே இல்லை."

"அப்ப கம்பைலரைத் திறக்கிறதுக்கு ஒரு நிரல் எழுதும்."

"அதையும் கம்பைல் பண்ணவேணுமே, அண்ணை."

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "பாத்தீரே, சிக்கல் முழுக்க உம்முடைய பக்கத்திலைதான் இருக்கு. எங்கடை பக்கம் எல்லாம் வடிவா வேலை செய்யுது." நான் தலையாட்டினேன். புதிய இயங்குதளத்தில் சீட்டுகள் விழும் அழகே தனி.

"புதுக் கம்பைலர் எடுத்தால் எல்லாத்தையும் முதல்லையிருந்து எழுதவேணும். மாதக்கணக்காகும்" என்றார் டொலறஸ். "பழைய இயங்குதளத்தைத் திருப்பிப் போட்டால் காணும், அண்ணை. ஒரு பின்னேர வேலை. நானே செய்யிறன். அவர் வீட்டிலை பொத்தானைக் கையிலை வைச்சுக்கொண்டு என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"விஜயதசமியிலை தொடங்கினதைத் திருப்பிறதே! ஐயோ தங்கச்சி, நீங்கள் வேதக்காரர், தேவாலயம் போற ஆக்கள், உங்களுக்கு விளங்காது. கழகத்துக்கே ஆகாது." ஆனாலும் தலைவர் ஜனநாயகவாதி. "பொதுக்கூட்டத்திலை வைப்பம். ஒரு உறுப்பினர் ஆட்சேபிச்சாலும் போதும், நான் பழசைத் திருப்பித் தாறன்" என்றார். யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆட்சேபிக்கிற வழக்கம் உள்ளவர் எங்களிடம் ஒருவர்தான் இருந்தார்.

பொதுக்கூட்டத்துக்கு டொலறஸ் கணவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார். மேல்மாடிக்கு லிஃப்ட் இல்லை. கடைக்காரப் பொடியள் இரண்டுபேர் தூக்கினார்கள். சவிரிமுத்து கோட்டும் டையும் கட்டி, தலை படிய வாரி, முன்வரிசையில் இருந்தார். மடியில் அந்த அழைப்புமணிப் பொத்தான். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

விளக்கேற்றினோம். ஒரு நிமிடம் மௌனமாக நின்றோம். தலைவர் தீர்மானத்தை வாசித்தார்: புதிய இயங்குதளத்திலிருந்து கழகம் ஒருபோதும் பின்வாங்காது.

"ஆட்சேபிக்கிற ஆக்கள் இப்ப சொல்லலாம்."

டிக். டிக். டிக்.

சவிரிமுத்துவின் விரல்தான். வேறு ஒன்றும் அசையவில்லை. கண்கள் தலைவரின் மேல் இருந்தன.

"அவர் ஆட்சேபிக்கிறார் அண்ணை" என்று டொலறஸ் எழும்பினார்.

"தங்கச்சி, நீர் உறுப்பினர் இல்லை; ஒருத்தருக்காக இன்னொருத்தர் கதைக்க யாப்பிலை இடமில்லை. அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். நாங்கள் பொறுத்திருப்பம்."

பொறுத்திருந்தோம். இன்னொரு மௌன அஞ்சலிபோல அறை அடங்கிப்போயிருந்தது. டொலறஸ் தன் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். டிக், டிக், டிக் என்று பொத்தான் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆட்சேபணை இல்லை" என்றார் தலைவர். "ஏகமனதாக நிறைவேறுது. அதுசரி, என்ன சத்தம் அது?"

"மணிக்கூடு, அண்ணை" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஆமோதித்தோம்.

எங்கள் அறையில் மணிக்கூடு கிடையாது. ஆகவே நாங்கள் எழுந்து நின்று, அந்தச் சத்தம் கேட்காத அளவுக்கு, ஏகமனதாகக் கைதட்டினோம்.