சாம்பிராணிப் புகையில் பிறந்த நட்சத்திரங்கள்

மேடை கிடைத்தால், தெரிந்ததைவிட ஒரு முழம் கூடுதலாகப் பேசுவது நம்மவர்களின் பிறவிக்குணம். எனக்கு அது இரண்டு முழம்.

நாடு சுதந்திரம் பெற்ற புதிது. இனி எல்லாரும் விஞ்ஞானம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் ஊரான காஜா பெராங்கின் வாசகசாலையில் தீர்மானம் போட்டார்கள். முதல் சொற்பொழிவு என்னுடையது. (வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.) முன்வரிசையில், புக்கிட் பாருவிலிருந்து வந்திருந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் மாரிமுத்து, வெள்ளை வெளேர் உடுப்பில். பக்கத்தில் அவர் மகள் கமலம். அவளை எனக்குப் பெண் கேட்டிருந்தோம். "பையன் பேசுறத ஒரு தடவ கேட்டுட்டுச் சொல்றேன்" என்றிருந்தார்.

விஷயம் இதுதான். சுருள் வடிவ நட்சத்திர மண்டலங்களில், வாயு மேகங்களுக்குள் ராட்சத நட்சத்திரங்கள் கூட்டமாகப் பிறக்கின்றன. பிறந்த சூட்டோடு, பெற்ற மேகத்தையே நாலாபுறமும் விரட்டி அடிக்கின்றன. நடுவில் வெற்றிடம். ஓரத்தில் குவிந்த வாயுவில் புது நட்சத்திரம் பிறந்தாலும் பிறக்கும்.

இதை வாயால் சொன்னால் போதாதா? மாப்பிள்ளை முறுக்கு விடவில்லை. தூபக்காலில் கனல் போட்டுச் சாம்பிராணி தூவினேன், புகைதான் மேகம். பின்னால், காப்பிக்கடையில் இரவல் வாங்கிய மேசைக் காற்றாடி. அதுதான் நட்சத்திரக் கூட்டம்.

புகை எழுந்ததுதான் தாமதம், சபை மொத்தமும் எழுந்து கண்ணை மூடிக் கைகூப்பியது. யாரோ "அரோகரா!" என்றார். உட்காரச் சொல்லிக் கெஞ்சினேன். யார் கேட்டது? காற்று பட்டால் தானாகக் கண்ணைத் திறப்பார்கள் என்று விசையைத் தட்டினேன்.

கண் திறந்திருந்தால் விலகியிருப்பார்கள். தூபக்காலின் சாம்பல் முழுவதும் டிரஸ்ஸரின் முகத்திலும் உடுப்பிலும் அப்பியது.

"ஐயோ, காத்தாடிய அடைங்கலா!" என்று கூட்டத்தில் யாரோ அலறினார்.

கூட்டம் இருமிக்கொண்டே சுவரோரம் ஓடியது. நடுவில் வெறும் நாற்காலிகள். விஞ்ஞானம் அப்பழுக்கில்லாமல் நிரூபணமாகிவிட்டது. எனக்குத்தான் செத்துவிடலாம் போலிருந்தது.

"வா கமலம், போவோம். இந்தாளு வீட்டையே கொளுத்திடுவாரு" என்றார் டிரஸ்ஸர், சாம்பலைத் துப்பியபடி.

சுவரோரம் நின்ற கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, அவரு சொன்னாப்புலதான நடந்திருக்கு? நடுவுல காலி, ஓரத்துல கூட்டம். சொன்னதச் செய்யிற ஆள வேற எங்க போயித் தேடுவீங்க?"

எங்கள் கல்யாணத்தில் ஐயர் ஹோமம் வளர்த்தபோது, மாமனார் கும்பிடவில்லை. காற்றாடி எங்கே என்று தேடினார். இன்றும் எங்கள் வீட்டில் சாம்பிராணி போட்டால், காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் கண்ணை மூடுவோம். பேரப்பிள்ளைகள் அதைச் சாஸ்திரம் என்றே நம்புகிறார்கள். இப்போது பக்கத்து வீட்டிலும் ஆரம்பித்துவிட்டார்கள்.