பல்டாக்டர் போட்ட தோட்டம்

கூடத்தில் 'தொப்' என்று சத்தம் கேட்டதும் பல்டாக்டர் காப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறையை எட்டிப் பார்த்தார். மனைவி குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவள் காதில் விழவில்லை. ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு பூனை மாதிரிப் பின்வாசல் வழியாக நழுவினார்.

பெரிய ஜன்னலுக்கு வெளியே ஒரு சிட்டு கிடந்தது. கண்ணாடியில் தெரிந்த ஆகாயத்தை நிஜ ஆகாயம் என்று நம்பி வந்த ஜீவன். தலை தொங்கிவிட்டது.

அந்த ஜன்னல் அவருடைய யோசனை. காலமெல்லாம் அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவர், ஓய்வு பெற்ற பிறகாவது வயல்வெளியைப் பார்த்தபடி உட்காரவேண்டும் என்று ஆசைப்பட்டார். தெருவில் எல்லா வீட்டிலும் இருப்பதைப்போலத் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடியாகப் போடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கதவு வைத்த சின்ன ஜன்னல் போதும் என்று சொன்ன மனைவியை ரசனை கெட்டவள் என்று சொல்லி, ஒரு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். இப்போது எந்த முகத்தோடு அவளிடம் போய்ச் சொல்வது?

மனைவியையாவது சமாளிக்கலாம். அந்தத் தெரு பறவைகளுக்குப் பேர்போனது. வீட்டுக்கு வீடு மரங்கள். தெருமுனையில் 'பறவைகள் வாழும் தெரு' என்று பலகையே உண்டு. குடிவந்த அன்றைக்கே பக்கத்து வீட்டுத் தையல் டீச்சர், தெருச் சங்கத் தலைவி, வந்து உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். முன்பு யாரோ ஒருவன் கவண்கல்லால் மைனாவை அடித்தானாம். தெருவில் ஒருவரும் அவனோடு முகம்கொடுத்துப் பேசாமல், கடைசியில் அவன் வீட்டையே காலி செய்துகொண்டு போனானாம். பல்டாக்டருக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

ஆகவே வேலியோரம் குழி வெட்டினார். துண்டோடு சிட்டை உள்ளே வைத்து மண்ணைத் தள்ளும் நேரத்தில் வேலிக்கு மேலே டீச்சரின் தலை தெரிந்தது.

"என்ன டாக்டர், காலங்காத்தால குழி வெட்றீங்க?"

"செடி வைக்கலாம்னு டீச்சர்."

"என்ன செடி?"

"கொய்யா."

"செடியக் காணோமே?"

"குழி கொஞ்சம் ஆறட்டும்னு பாக்குறேன்." பல் பிடுங்கிய குழியையே பார்த்துப் பழகியவர் வேறென்ன சொல்வார்?

டீச்சர் குழியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இன்னும் ஆழமா வெட்டுங்க. இங்க நாய்ங்க தோண்டிப் போட்டுடும்."

கொய்யாவை நாய் எதற்குத் தோண்டுகிறது என்று யோசிக்கும் நிலையில் அவர் இல்லை. அன்று சாயங்காலமே அலைந்து திரிந்து ஒரு கொய்யாக் கன்று வாங்கிவந்து நட்டார்.

அடுத்து ஒரு மைனா விழுந்தது. அதன்மேல் அத்தி வைத்தார். ஜன்னலுக்கு உள்பக்கம் கறுப்புத் திரை போட்டுப் பார்த்தார். கண்ணாடி முன்னைவிடப் பளிச்சென்று ஆகாயத்தைக் காட்டியது. பருந்துப் படம் ஒட்டினார். மைனாக்கள் கூட்டமாக வந்து பருந்தோடு சண்டைக்கு நின்றதில், இன்னொரு குழிக்கு வேலை வந்தது. அதில் முசுக்கொட்டை வைத்தார். மரங்கள் காய்த்துப் பழுத்ததும் சுற்றுவட்டாரத்துப் பறவைகள் எல்லாம் அவர் வீட்டிலேயே கூடின. தின்ற மயக்கத்தில் நேரே ஜன்னலுக்கு வந்தன. குழி பெருகியது, குழிக்கொரு மரம் பெருகியது.

"உங்களுக்குள்ள இப்படி ஒரு மனசு இருக்கும்னு தெரியாமப் போச்சுங்க," என்றாள் மனைவி. தன் அக்காவை வரவழைத்துத் தோட்டத்தைக் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். பல்டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை. மண்வெட்டியைக் கூடத்துக் கதவுக்குப் பின்னாலேயே ஒளித்துவைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தெருச் சங்கம் அவருக்குச் 'சிறந்த பறவை நேசர்' கோப்பை கொடுக்க முடிவு செய்தது. விழா அவர் வீட்டுக் கூடத்தில். ஜன்னலுக்கு எதிரிலேயே நாற்காலிகள். அவர் தலைவலி என்றார், வெளியூர் போகிறேன் என்றார். ஒன்றும் எடுபடவில்லை.

டீச்சர் கோப்பையைக் கையில் எடுத்து, "நம்ம டாக்டர் தோட்டத்தத் தேடி வராத பறவையே இல்ல," என்று ஆரம்பித்தார்.

தொப்.

எல்லோர் கண் முன்னாலும் ஒரு புறா கண்ணாடியில் சரிந்து கீழே விழுந்தது.

பல்டாக்டர் எழுந்தார். மனைவியின் பக்கம் பார்க்காமல், எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். "ஒவ்வொரு மரத்துக்கு அடியிலயும் ஒண்ணு கெடக்குது. எல்லாம் இந்த ஜன்னலால. வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் மரத்த நட்டேன். கோப்பைய எடுத்துட்டுப் போயிடுங்க. வீட்டையும் நாங்க காலி பண்ணிடுறோம்."

டீச்சர் கோப்பையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். சங்கச் செயலாளர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து டீச்சரின் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை. கதவுக்குப் பின்னால் கைவிட்டு, தெரிந்த இடத்தில் எடுப்பதுபோல மண்வெட்டியை எடுத்தார்.

"வாங்க, நான் வெட்டித் தர்றேன். இந்தத் தெருவுல சும்மா நட்ட மரம் ஒண்ணுகூடக் கிடையாது டாக்டர்."