கை காட்டும் வேலை

பாபு வலது கையைக் காட்டினால், ஜேசிபி இடது பக்கம் திரும்பியது.

பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் மழைநீர்க் கால்வாய் தோண்டும் வேலை. வண்டி ஓட்டுபவர் ஜெயம்மா. புது விதிப்படி காதுக் கவசம் போட்டிருந்தார். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. கீழே நின்று கை காட்டுவது பாபுவின் பொறுப்பு. மூன்று நாள் சோதனையில் இன்று கடைசி. தேறிவிட்டால் கூலி வேலைக்காக விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம். மகளை அவள் விழித்திருக்கும்போதே பார்க்கலாம்.

அதனால் எல்லா விதியையும் மதித்தான். தூறலில் நனைந்த டீக்கடை மரியாக்காவுக்குத் தன் ஆரஞ்சு ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தது ஒன்றுதான் விலக்கு.

"யக்கா! சுண்ணாம்புக் கோடு இந்தப் பக்கம் கீது!" என்று கத்தினான். பலனில்லை.

விசில் ஊதினான். முதுகுக்குப் பின்னாலிருந்த டீக்கடையிலிருந்து நாய் மட்டும் வந்தது.

கறுப்புக் கையுறை தெரியவில்லையோ என்று அதைச் சுண்ணாம்பில் முக்கி ஆட்டினான். நடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னா பாபு, வேசம் கட்டிக்கினியா?" என்று கேட்டபடி ஒருவர் சைக்கிளில் போனார்.

கடைசியில் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தான். குழி அரிவாள்போல் வளைந்து டீக்கடை வாசலுக்கே வந்துவிட்டது. கூடவே மேஸ்திரி எல்வினும்.

"இன்னாய்யா இது? கோடு அங்க, குழி இங்க!"

"நான் கரெக்டாத்தான் காட்டுனேன் சார். வண்டிக்குத்தான் என்னைப் புடிக்கல."

எல்வின் வாயைத் திறப்பதற்குள் மழை வலுத்தது. தெருவில் தேங்கியிருந்த தண்ணீரெல்லாம் வளைந்த குழிக்குள் இறங்கி, சறுக்கிக்கொண்டு ஓடியது. கோடு போட்ட இடமோ மேடு. கோடு போட்டவர் எல்வின். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பரவால்ல. ஊர்ப் பள்ளம் தெரிஞ்ச ஆளுதான் கை காட்டியிருக்கான். நாளையிலேர்ந்து வேலை உறுதிய்யா."

பாபுவின் வெள்ளை மூக்குக்குக் கீழே பல் அத்தனையும் தெரிந்தது.

ஜெயம்மா இறங்கிக் கவசத்தைக் கழற்றினார். "அவன் காட்டுனத நான் எங்க பாத்தேன்? ஆரஞ்சு ஜாக்கெட்டு காட்டுன பக்கம் ஓட்டுனேன்."

எல்லோரும் டீக்கடையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மரியாக்கா ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டினாள். "இந்தா தம்பி, புடி. பத்து வருசமா கடைக்குள்ள நின்ன தண்ணி போய்ட்டுது. என் ஷிப்டு முடிஞ்சிது."