அப்பாவின் ஜபமும் இரும்பு நண்டும்

இந்தக் கதையின் முடிவில் நீங்கள் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். மதுவந்தியாகிய நான் அதற்கு ஜவாப்தாரி. ஆனால் இப்போதே சிரித்துவிடக் கூடாது. முதலில் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். மேற்கே. சிரிப்பு வரவில்லையா? வராது. பொறுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லார் குரலும் வரும். மெட்ரோவில் "பொரொபொர்த்தி ஸ்டேஷன், காலிகாட்" என்று வங்காளியில் அடுத்த ஸ்டேஷனை அறிவிக்கிற அம்மணி, கீழ்வீதி மீன்காரர், எங்கள் பிரின்சிபால், அப்பா.

அப்பா பட்டாபிராமனுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. கரியாஹாட் பக்கத்தில் வாடகை ஃப்ளாட். நான் பத்தாம் வகுப்புக்கு வந்ததும், கூடத்தின் நடுவில் நின்று கப்பல் சங்கு மாதிரி முழங்கினார்.

"இன்னியிலேர்ந்து சாயங்காலம் இந்தாத்துல ஒரு ஸ்க்ரீனும் எரியக் கூடாது. போன், டிவி, எதுவும். குழந்தைக்கு போர்டு பரீட்சை!"

"என் சீரியல்?" என்றாள் அம்மா.

"படிப்பைவிட சீரியல் பெரிசா, சாதனா?"

அடுப்பில் குக்கர் இருந்து, விசில் வராமல் இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி நின்றாள் அம்மா.

அடுத்த வாரமே அப்பாவின் விதி கரியாஹாட் கடை ஒன்றில் காத்திருந்தது. உள்ளங்கை அகல விளையாட்டு டப்பா. அதற்குள் அவர் காலேஜ் காலத்து ஆட்டங்கள் எல்லாம். சின்ன விமானம் இடமிருந்து வலமாகப் பறக்கும். எதிரில் வருவதையெல்லாம் சுட்டுத் தள்ள வேண்டும். கடைசியில் திரை கொள்ளாமல் ஓர் இரும்பு நண்டு வரும். திருச்சியில் ஹாஸ்டல் பக்கத்து கேம் கடையில் அந்த நண்டு அப்பாவை வருஷக் கணக்கில் சாப்பிட்டிருக்கிறது. கல்யாணம் வந்தது, மாற்றல் வந்தது, வழுக்கை வந்தது. நண்டு மட்டும் சாகவில்லை.

வாங்கியாகிவிட்டது. எங்கே விளையாடுவது? அவர் போட்ட சட்டம் அவரையே மறித்துக்கொண்டு நின்றது.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு பக்தி வந்தது. ஆவணி அவிட்டத்துக்கு மட்டும் தலைகாட்டும் பக்தி, பஞ்சகச்சத்தோடு வந்து மேற்கே பார்த்து, கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. காயத்ரி ஜபிக்கும் கையை மேல்துண்டால் மூடிக்கொள்வது வழக்கம். அப்பா தலையையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

"ஏன்னா, இந்தப் புழுக்கத்துல எதுக்கு இப்படிப் போர்த்திண்டு..."

ஜபம் முடிந்து எழுந்ததும் அப்பா சீறினார். "ஜபத்துல இருக்கறச்சே கேள்வி கேக்காதே! நான் வாயைத் திறக்கப்படாது. எதுவானாலும் நீயே முடிவு பண்ணிக்கோ!"

அம்மா தலையாட்டினாள். ரொம்ப நிதானமாக.

மறுநாள் எதிர் ஃப்ளாட் வங்காளி மாமி மித்ரா காகிமா 'நாடு' என்கிற தேங்காய் உருண்டை கொடுக்க வந்தவர், துண்டுக்குள்ளிருந்து நீல ஒளி கசிவதைப் பார்த்துக் கும்பிட்டார். "அரே பாப்ரே! கீ ஜ்யோதி! மதுவந்தி, உன் பாபா சாது ஆயிட்டார்!"

ஜோதி என்னவோ உண்மைதான். நான் பூனை மாதிரி பின்னால் போய் எட்டிப் பார்த்தேன். காயத்ரியை எண்ண ஒரு கட்டைவிரல் போதும். அப்பாவுக்கு இரண்டும் துடித்தன. மந்திரமும் புதுசு. "மேல போடா... சுடு, சுடு... ஐயோ, போச்சு."

அம்மாவிடம் ஓடினேன். கத்துவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். அப்பாவுக்காக முதல்முறையாகப் பயந்தேன்.

மறுநாள் ஜபம் சூடு பிடித்த நேரம். ஜோதி படபடவென்று அடித்துக்கொண்டது. நண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"ஏன்னா, நாளையிலேர்ந்து நான் சீரியல் பாக்கறேன், சத்தத்தைக் குறைச்சு வெச்சுண்டு. வேண்டாம்னா சொல்லிடுங்கோ."

முதுகு நிமிர்ந்தது. வாய் திறக்கவில்லை.

"சரி. பூஜோ பண்டிகைக்கு என் தம்பி சைதன்யா குடும்பத்தோட வந்து பத்து நாள் தங்கறேங்கறான். வரச் சொல்லட்டுமா?"

துண்டு நடுங்கியது. சைதன்யா மாமா குறட்டை விட்டால் மித்ரா காகிமா வீட்டில் கப் ஆடும். அப்பாவுக்கு அது தெரியும். ஆனால் பேசினால் ஜபம் பொய்யாகும், திரும்பினால் நண்டு தின்றுவிடும்.

"சந்தோஷம். கடைசியா ஒண்ணு. உங்க மடியில எரியறதே அந்த டப்பா, அதை சைதன்யாவுக்கு பூஜோ பரிசாக் குடுத்துடலாமா?"

துண்டு அப்படியே உறைந்தது.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து, அசல் அப்பா குரலில், ஃபைலில் கையெழுத்துப் போடுகிற தோரணையில், நான் சொன்னேன்.

"ம்."

தன் குரலைத் தனக்கே பின்னால் கேட்ட மனுஷன் சட்டென்று திரும்பினார். துண்டு நழுவியது. மடியில் விமானம் வெடித்துச் சிதற, நண்டு கொடுக்கை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். திரைச்சீலைக்குக் கீழே தெரிந்த என் கால்களைப் பார்த்தார். முகத்தில் எல்லாம் மெல்ல மெல்ல விளங்கியது. வாயைத் திறந்தார்.

அம்மா உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்! ஜபம்."