ரோபோ எனக்குச் செய்த அநியாயங்கள்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் தாக் போங்கில் அவர்களுக்கு, தம்பி போங்சு தரையில் தலை பதித்து வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே தோங்யோங்கில் சிப்பிப் பருவம் தொடங்கிவிட்டது. காற்று காதை அறுக்கிறது. மால்சுன் என்னைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள். தீவில் உங்கள் சௌக்கியம் எப்படி என்று கேட்கலாமென்றால், டாக்டர் விஷயத்தைச் சொன்ன அன்று அணைத்த போனை நீங்கள் இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் கடிதம்.

அண்ணா, நீங்கள் சொன்னதுதான் சரி. நாம் இருவரும் இரட்டைப்படை வருடத்தில் பிறந்த பாவத்துக்கு அரசாங்கம் ஒரே வருடத்தில் இரண்டு பேரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டது. ஒரே காலையில் குழாயை விழுங்கினோம். வயிற்றில் புற்று, ஆரம்ப நிலை என்று இருவருக்கும் ஒரே பதில் வந்தது. ரோபோவை வைத்து ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள். “அப்பாவைத் திறந்து பாத்துட்டு மூடி அனுப்பினாங்க, நான்தான் தூக்கிட்டு வந்தேன். இதுல மெஷின் வேறயா?” என்று கேட்டுவிட்டு, நீங்கள் ஒரு மூட்டை மருந்துக் காளானும் வேரும் வாங்கிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டீர்கள். புத்தி கெட்ட நான் புசான் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தேன். என்ன பாடு பட்டேன் என்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

முதல் கூத்து உங்கள் தம்பி பெண்டாட்டி மால்சுனால் வந்தது. படகுக்குப் புது எஞ்சின் மாட்டினால் அதன் முன் வேகவைத்த பன்றித் தலை வைத்துக் கும்பிடாமல் நாம் கடலுக்குப் போனதுண்டா? வலை இழுக்கிற மெஷினுக்கே தலை வைத்தோம், புருஷனை அறுக்கிற மெஷினுக்கு வைக்காவிட்டால் எப்படி என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சந்தையில் ஒரு மணி நேரம் நின்று, இருப்பதிலேயே நன்றாகச் சிரித்த முகமாகப் பார்த்து ஒரு தலை வாங்கி, பட்டுத்துணியில் முடிந்து, மாற்றுத்துணி என்று காவலாளியிடம் சொல்லி உள்ளே கொண்டுவந்துவிட்டாள். லிஃப்டில் முடிச்சு நெகிழ்ந்து ஒரு காது வெளியே வந்தது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பெரியவர் ஐந்து நாளாகப் பட்டினியாம், அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார், அவர் மகள் கத்த, காவலாளி ஓடிவர, தலைமை நர்ஸ் ஓடிவர, கடைசியில் என்னை அறுக்கப்போகிற டாக்டர் சோல் என்கிற பெண்ணே வந்துவிட்டார். நம் மகள் வயதுதான் இருக்கும். நோயாளியிடம் ஒரு பாட்டில் ஜூஸ் வாங்கினால்கூட சட்டப்படி குற்றம், இதை எடுத்துப் போங்கள் என்றார். மால்சுன் விடுவாளா? உங்களுக்கு யார் கொடுத்தது, இது மெஷினுக்கு, மெஷின் என்ன அரசாங்க உத்தியோகமா பார்க்கிறது என்று வக்கீல் மாதிரி மடக்கினாள்.

டாக்டர் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார். மெஷின் தானாக ஒன்றும் செய்யாதாம். அறையின் ஓரத்தில் அவர் உட்கார்ந்து விரலை அசைக்க, அதன் கைகள் உள்ளே போய் அதையே செய்யுமாம். மனுஷக் கை லேசாக நடுங்கும், இது நடுங்காதாம். மனுஷ மணிக்கட்டு திரும்பாத இண்டு இடுக்கில் இது திரும்புமாம். பார்க்கிற இடம் பல மடங்கு பெரிதாகத் தெரிவதால் இரத்தக் குழாயைத் தொடாமல் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளைச் சுத்தமாக எடுக்கலாமாம், அதனால் இரத்தம் குறைவாகத்தான் போகுமாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மால்சுன், “அப்ப வேலை செய்யறது நீங்கதான். நீங்கதான் வந்து கும்பிடணும், டாக்டரம்மா,” என்றாள். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அண்ணா, அன்று சாயங்காலம் வேலை முடிந்து அந்தப் பெண் கார் நிறுத்துமிடத்துக்கு வந்து, நம் வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லி, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்தப் பன்றிக்கு முன்னால் முறையாக மண்டியிட்டு வணங்கிவிட்டுப் போனது. தன் தாத்தாவும் படகுக்காரர்தான் என்றது. படையலுக்கு வைத்த மக்கொல்லி அரிசிக்கள்ளை மட்டும் தொடவில்லை.

மறுநாள் ஆபரேஷன். உள்ளே போய்ப் பார்த்தால், நம் வீட்டுப் புது சோபா மாதிரி மெஷினை பிளாஸ்டிக் உறையால் மூடி வைத்திருக்கிறார்கள். நாலு கை. டாக்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு உட்கார்ந்திருக்கிறார். என் வயிறு இங்கே இருக்கிறது, அம்மா அங்கே இருக்கிறீர்களே என்று கேட்க வாயெடுத்தேன், அதற்குள் தூங்க வைத்துவிட்டார்கள்.

முழித்ததும் முதல் வேலையாகத் தழும்பைத் தடவினேன். நம்ம ஊர்க் குளியல் கூடத்தில் சூ பெரியவரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும் ஆபரேஷன் தழும்பு. அவர் வந்தால் சுடுநீர்த் தொட்டியில் ஆளாளுக்கு நகர்ந்து இடம் விடுவார்கள், முதுகு தேய்க்கப் போட்டி போடுவார்கள். நானும் அந்த மரியாதைக்கு ஆசைப்பட்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அங்கங்கே நண்டு கிள்ளிய மாதிரி சில ஓட்டை, தொப்புள் பக்கத்தில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். போன வாரம் குளியல் கூடத்தில் சட்டையைக் கழற்றிக் காட்டினேன். சூ பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்துவிட்டு, “கொசு கடிச்சிருக்கு, மருந்து தடவு,” என்கிறார். எல்லாரும் சிரித்துவிட்டு அவர் முதுகைத் தேய்க்கப் போய்விட்டார்கள். என் முதுகை நானேதான் தேய்த்துக்கொண்டேன்.

படுத்துக்கிடக்கலாம் என்றால் அதுவும் இல்லை. மால்சுன் கரண்டியால் கஞ்சி ஊட்டுவாள், நான் கண்ணை மூடிக்கொண்டு முனகலாம் என்று நாற்பது வருஷமா கனவு கண்டேன். மறுநாள் காலையிலேயே நர்ஸ் வந்து எந்திரிச்சு நடங்க என்கிறாள். வலிக்குது என்றேன். எங்கே என்றாள். தேடிப் பார்த்துச் சொல்றேன் என்றேன். நடக்க வைத்துவிட்டாள். காற்று பிரிந்தால்தான் கஞ்சி கிடைக்கும் என்று வேறு சட்டம். வார்டே எனக்காகக் காத்திருந்தது. பிரிந்தபோது மால்சுன் வராந்தா முழுக்கப் போய்ச் சொல்ல, எல்லாரும் கை தட்டினார்கள். இத்தனை வருஷத்தில் நான் விட்டதற்கு யாரும் கை தட்டினதில்லை அண்ணே, அந்த ஒன்றை மட்டும் மறுக்கமாட்டேன்.

கொஜேயிலிருந்து சின்னம்மா, கடைசியாக என் முகத்தைப் பார்க்க இரண்டு கைக்குட்டையும் ஒரு பெட்டி பேரிக்காய் ஜூஸும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்தார். கட்டிலில் நான் இல்லை. செத்துவிட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டார். நான் வராந்தாவில் நடந்துவிட்டுத் திரும்பி வந்து, யாருக்கு அழறீங்க சின்னம்மா என்றேன். அழுத கண்ணோடு முதுகில் ஒன்று வைத்தார். நடிக்கிறவனுக்கு ஜூஸ் எதுக்கு என்று பெட்டியைத் திருப்பி எடுத்துப் போய்விட்டார். ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியும் என்னைத் துரத்திவிட்டது.

கஷ்டமே இல்லையா என்றால் இருக்கிறது. வயிற்றில் பெரிய பங்கு போய்விட்டதால் கோழிக்குஞ்சு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை சாப்பிட வேண்டியிருக்கிறது. ஒரு நாள் ஆசைப்பட்டு அவசரமாக விழுங்கி, வியர்த்துக்கொட்டித் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மற்ற ஆபரேஷனைவிடக் காசும் கூடத்தான். ரோபோ மந்திரம் ஒன்றும் போடாது, சீக்கிரம் வந்ததுதான் உங்களைக் காப்பாற்றியது என்று டாக்டர் சோல் கறாராகச் சொல்லிவிட்டார். எடுத்த முடிச்சுகளைச் சோதித்ததில் ஒன்றில்கூடப் பரவவில்லை. அதைச் சொல்லிவிட்டு என் காகிதங்களை மூடி வைத்து, “உங்க அண்ணன் எங்க?” என்று கேட்டார்.

ஆகவே அண்ணா, இந்த அநியாயமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தழும்பு இல்லை, படுக்கை இல்லை, பெண்டாட்டியின் பரிதாபம் இல்லை. நீங்கள் அங்கேயே இருந்து வேரைக் காய்ச்சிக் குடியுங்கள். உங்கள் சர்க்கரைவள்ளித் தோட்டம் செழிக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும், முழங்கால் வலி குறையட்டும். மால்சுன் வணக்கம் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
நன்றாக ஏமாந்த தம்பி,
போங்சு

பி.கு.: கடிதத்தை மால்சுன் படித்தாள். இதைப் படிச்சா உங்க அண்ணன் நிஜமாவே வராம இருந்துடுவாரு, கோமாளித்தனத்தை நிறுத்திட்டு உள்ளதை எழுதுங்க என்கிறாள். எழுதுகிறேன். பரவவில்லை என்று டாக்டர் சொன்ன அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து நானும் அவளும் ஊரே பார்க்க அழுதோம். சந்தோஷத்தில்தான் ஆரம்பித்தேன், பாதியில் உங்க ஞாபகம் வந்துவிட்டது அண்ணே. அப்பாவைத் தனியாத் தூக்கிட்டு வந்தது நீங்க. அந்தப் பயம் எனக்குத் தெரியாதா? எனக்கும் அதே பயம்தான், கண்ணை மூடிக்கிட்டுப் போய்ப் படுத்தேன். அப்பாவுக்கு அன்றைக்குக் கிடைக்காதது இன்றைக்கு நமக்குக் கிடைக்கிறது. உங்கள் ஆபரேஷனுக்கு வியாழக்கிழமை தேதி வாங்கிவிட்டோம். திங்கட்கிழமை காலை படகு உங்கள் துறையில் நிற்கும். மால்சுன் ஓட்டுகிறாள். காட்டுக்குள் ஓடி ஒளியாதீர்கள். கனமான எதையும் கொஞ்ச நாளைக்குத் தூக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நீங்கள் வர மாட்டேன் என்றால் தூக்கிக்கொண்டுதான் வருவேன், என் தையல் பிரிந்தால் அந்தப் பாவம் உங்களைச் சேரும். அதனால் நல்ல அண்ணனாக நடந்தே வந்து ஏறிவிடுங்கள்.